மெத்ரு கோவிந்தசாமியின் கோடித் துணி

அஞ்சலை அன்று கூடை இல்லாமல் வந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அவள். தலையில் கூடை இல்லாத அஞ்சலையை நான் பார்த்ததே இல்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னாடி, வலையில ஒண்ணும் வுழலியா?" என்று கேட்டேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மெத்ரு பூட்டாரும்மா" என்றாள்.

"எங்க பூட்டாரு? திண்டிவனத்துக்கா, பொண்ணு ஊட்டுக்கா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அஞ்சலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "இன்னைக்கு மல்லு எடுத்தாறேன்னு சொன்னாரே, அத்த குடுத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று கோபமாகவே கேட்டேன். "காலைல டீத்தண்ணி குடிச்சாரு, செவுத்துல சாஞ்சாரு. அவ்ளோதாம்மா" என்றாள் அவள். கையிலிருந்த ஊசியை எங்கே குத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கோவிந்தசாமி அண்ணனை அறிந்தவர்களே, பதினாறாம் நாள் காரியத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. தையல்கார லூர்து மேரியின் வாய் அடைத்துப்போனதை அன்றுதான் இந்த ஊர் பார்த்திருக்கும். அன்று பேச முடியாததை இங்கே எழுதுகிறேன். கோர்வையாக வராது. இன்னும் என் மனசு அந்தக் காலையிலேயே நிற்கிறது.

முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தார். மாதாகோயிலில் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் ஒரு பெண்குழந்தைக்கு வெள்ளை கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஆர்கண்டி கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி விறைப்பாக நிற்குமே, அந்தத் துணி. மேஜைமேல் விரித்துவிட்டு, "ஆர்கண்டி பாக்கத்தான் அழகு லூர்தும்மா, போட்டா முள்ளு. உள்ள மல்லு குடுத்துத் தை. இல்லன்னா அந்தக் கொழந்த சாமியார் முன்னாடி சொறிஞ்சிகினு நிக்கும்" என்றார். உள்ளே கொடுக்கும் அந்த மெல்லிசுப் பருத்தி மல் எங்கே என்றேன். "நாளைக்குக் காலைல எடுத்தாறேன், ஓடியா பூடுவேன்?" என்றார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார். நன்றாக இருந்த மனுஷன் ஐயா! இருமல்கூட இல்லை. எனக்குத்தான் அன்று தலைவலி.

அவருக்கு மெத்ரு என்று பெயர் வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நம் ஊரில் துணியை மெத்ரு, அதாவது மீட்டர், கணக்கில்தான் அளப்போம், பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டது. அவர் கையில் எந்நேரமும் மெத்ருக்கோல் இருக்கும், அதனால் மெத்ரு கோவிந்தசாமி. ஆனால் பிரெஞ்சில் வக்கீலையும் 'மெத்ரு' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்து வேறு, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மெத்ரு வீடு எது என்று விசாரித்துக்கொண்டு துணிக்கடைக்கே வந்துவிட்டார். வரப்புத் தகராறு முழுவதையும் ஒப்பித்தார். இவரும் தடுக்கவில்லை. கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அண்ணன் தம்பி யார், பயிர் என்ன என்று கேள்வி வேறு கேட்டார். கடைசியில், "நான் வக்கீல் இல்லீங்க, துணி கிழிக்கிறவன். கோர்ட்டுக்குப் போறீங்க, இந்த அழுக்குச் சொக்காயோடயா போவீங்க?" என்று சொல்லி, சட்டைக்குப் பாப்ளின் கிழித்துக் கொடுத்து அனுப்பினார். நான் கடையில்தான் நின்றுகொண்டிருந்தேன், சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

பிறந்தது மீன்பிடிக்கிற வீட்டில். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் அலையைத் தாண்டினால் குடல் வெளியே வந்துவிடும். ஆறடிக்குமேல் வளர்ந்த ஆள், படகில் படுத்து வாந்தி எடுத்ததை அவர் அண்ணன் சாகிறவரைக்கும் சொல்லிச் சிரித்தாராம். அதனால் துணிக்கடைக்கு வந்தார். பிரெஞ்சுக்கார மதாம்களுக்குச் சாட்டின் காட்டுவார், போலீஸ்காரருக்குக் காக்கி டிரில் காட்டுவார். ஆனால் குப்பத்து ஜனம் வந்துவிட்டால் அவர் குரலே மாறிவிடும். பாவாடைக்கு லாங்கிளாத், தலையணை உறைக்குக் காடா, பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டி போதும், புதுத்துணி வேண்டாம் என்று வாங்க வந்தவர்களையே திருப்பி அனுப்புவார். "வேர்க்கிற எடத்துக்குப் பருத்தி எடு. ஊரு பாக்குற எடத்துக்கு எத்த வேணா எடு" என்பார்.

அளப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோலை வைத்து அளந்து முடித்ததும் அங்கே கிழிக்கமாட்டார். நாலு விரலைச் சேர்த்துத் துணிமேல் படுக்கவைத்து, அந்த விரலுக்கு அப்பால்தான் நறுக்கு வைப்பார். "மெத்ரு ஒனக்கு. இது தண்ணிக்கு" என்பார். புதுப் பருத்தித் துணி முதல் தண்ணீர் பட்டதும் சுருங்கும் இல்லையா? அந்தச் சுருக்கத்துக்கு நாலு விரல். பழைய முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். குப்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூட மண்ணில் விளையாடும்போது, "இது எனக்கு, இது தண்ணிக்கு" என்று பங்கு பிரிக்கும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாம் இந்தியாவோடு சேர்ந்தபின் பழைய முதலாளி கடையை விற்றுவிட்டார். வாங்கினவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன், நம் ஊர் தெரியாத மனுஷர். வந்த வாரமே ஒரு மதாம் 'வெலூர்' வேண்டும் என்று கேட்டார். வெல்வெட்டுக்கு இங்கே அதுதான் பெயர். முதலாளி எழுந்து வெளியே வந்து, வேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று கையை நீட்டி வழி சொன்னார். கோவிந்தசாமி அண்ணன் உள்ளே போய் வெல்வெட் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "வேலூரு இங்கியே இருக்குதுங்க" என்றார். முதலாளியே சிரித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டினது வெட்டிக்கொண்டது கஜக்கோலால். அந்தப் பக்கத்து ஆலைத் துணியெல்லாம் கஜக் கணக்கில் வருகிறது, அதையே இங்கேயும் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி கஜக்கோல் கொண்டுவந்தார். மெத்ருக்கோல் உள் அறைக்குப் போனது. கஜம் மெத்ருவைவிட மூன்று அங்குலம் குட்டை. விலையும் அதற்குத் தக்கபடி குறைவுதான், ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரில் யார் கணக்கைச் சொல்லிக் கேட்கிறோம்? "ரெண்டு குடு", "மூணு குடு", அவ்வளவுதானே? நாம் மெத்ருவை நினைத்துக்கொண்டு கேட்போம், கடையில் கஜத்தில் கிழிப்பார்கள். வீட்டுக்குப் போனால் பாவாடை கணுக்காலுக்கு எட்டாது. என்னிடம் வந்து, நீதான் துணியைத் திருடிவிட்டாய் என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. நானும் விடவில்லை, அவர்களையும் திட்டினேன், கடைக்குப் போய் முதலாளியையும் திட்டினேன்.

அண்ணன் திட்டவில்லை. கஜக்கோலைத்தான் பிடித்தார், வேலை போய்விடுமே. ஆனால் ஒவ்வொருத்தரிடமும் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். "ரெண்டு கஜம்மா! ரெண்டு மெத்ரு இல்ல! பாவாட முட்டியில நின்னா என்னக் கேக்காத, இன்னும் அரைக்கா எடுத்துக்க!" முதலாளிக்கு முகம் சிவக்கும். "ஏன்யா கத்துற? வியாபாரம் பண்றியா, ஏலம் போடுறியா?" என்பார். "எங்க ஜனத்துக்குக் காது மந்தம் மொதலாளி, கடல் எரைச்சல்" என்பார் இவர். அந்த நாலு விரலையும் அவர் விடவில்லை. கஜம் அளந்தாலும் தண்ணிக்கு விட்டுத்தான் கிழித்தார். முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

எல்லாம் தெரிந்த மனுஷர் என்று நான் புகழப்போவதில்லை. நைலான் விஷயத்தில் அவர் சுத்த முட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா ஒருவர் கொடுத்த நைலான் சட்டையை அக்கினி நட்சத்திரத்தில் போட்டுக்கொண்டு வந்தார். முதுகு முழுக்க வேர்வை ஒட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, வேகுது இல்ல?" என்றேன். "வேர்வ இல்ல லூர்தும்மா, துணி மின்னுது. இத்தத் தொவைச்சு ஒதறினா போதும். தண்ணிக்கு வுட வேணாம், தண்ணி இத்த ஒண்ணும் பண்ணாது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒருத்தனும் பருத்தி கட்டமாட்டான் பாரு" என்றார். தண்ணீர் ஒன்றும் பண்ணவில்லை. அவர் மனைவி செங்கேணிதான், வழக்கம்போல் கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அதன்மேல் வைத்தாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு உருகிப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டையோடு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, "காத்து வர்றதுக்கு வழி வச்சிக் குடுத்திருக்கா" என்று சொல்லிக்கொண்டு கடற்கரையில் நடந்தார்.

பிறகு ஒருநாள் பேப்பரில் சேதி வந்தது. இனிமேல் தேசம் முழுக்க மெத்ரு கணக்குதான், கஜம் ஒழிந்தது என்று. அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வேகாத வெயிலில் என்னிடம் ஓடிவந்தார். "பாத்தியா! தில்லியே நம்ம வழிக்கு வந்துட்டுது! நாம கஜத்துக்கு மாறுவோம்னு பாத்தாங்க, அவங்க மெத்ருவுக்கு வந்துட்டாங்க!" ஏதோ அவரே சட்டம் போட்டதுபோல அவ்வளவு சந்தோஷம். முத்திரை குத்தின புதுக் கோல் வரவேண்டும், வந்ததும் மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. வாரம் போனது, மாதம் போனது, கோல் வந்தபாடில்லை. கடைசியாகக் காப்பி குடித்த அந்தச் சாயங்காலம்கூட, "இந்த வாரம் வந்துடும்னு சொல்றாரு லூர்தும்மா. வந்தவொடன மொதல் துணி ஒனக்குத்தான் கிழிப்பேன்" என்றார்.

அஞ்சலையோடு நான் போய்ச் சேர்ந்தபோது குப்பம் முழுக்க அவர் வாசலில் நின்றது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். செங்கேணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை, யார் வந்தது என்று பார்க்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அவளுடைய அண்ணன் ஏழுமலை போர்த்துவதற்குக் கோடித் துணி கொண்டுவந்தார். வெள்ளைக் காடா. நான்கு பேர் பிடித்து விரித்தார்கள். தலையை மூடினார்கள், பாதம் இரண்டும் வெளியே நின்றன. கீழே இழுத்தார்கள், நெற்றி வெளியே வந்தது. மறுபடி மேலே இழுத்தார்கள், மறுபடி பாதம்.

"ரெண்டுன்னுதான் கேட்டேன், ரெண்டுன்னுதானே கேட்டேன்" என்று ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். எந்தக் கடை என்று நான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் வேலை செய்த அதே கடைக்குத்தான் போயிருக்கிறார். முதலாளி அப்போது இல்லை. புதிதாகச் சேர்ந்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் மட்டும் இருந்திருக்கிறான். ஏழுமலைக்கு "கோடிக்கு, ரெண்டு" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவனும் கஜக்கோலை வைத்து ஆறடி அளந்து, அந்த இடத்திலேயே கிழித்துக் கொடுத்துவிட்டான். யாருக்கு என்று அவனுக்குத் தெரியாது. கோவிந்தசாமி அண்ணன் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் கிழித்திருக்கிறான்.

இப்படியும் நடக்குமா? ஊர்ப் பாவாடை எல்லாம் கணுக்காலைத் தொடவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தின மனுஷனுக்குப் பாதம் மூடத் துணி இல்லை. "குடுங்க, ஒட்டுக் குடுத்து நான் தைச்சுத் தர்றேன்" என்று கையை நீட்டினேன். கூட்டத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி, "வேணாம்மா. கோடியில ஊசி படக் கூடாது. ஒட்டுத் துணியோட அனுப்ப மாட்டோம்" என்றாள். எனக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான். அதுவும் அங்கே ஆகாது என்றபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பாதங்களைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கடைக்கு ஆள் ஓடியது. சற்று நேரத்தில் முதலாளியே வந்தார். செருப்பு இல்லாமல், மூச்சு வாங்க, தோளில் முழுக் காடாக் கட்டோடு வந்தார். கையில் கஜக்கோல் இல்லை. உள் அறையில் கிடந்த பழைய மெத்ருக்கோல் இருந்தது. தூசிகூடத் துடைக்கவில்லை. பாதத்தைப் பார்த்தார். "ஐயோ, நான் கடையில இல்லாமப் போனேனே" என்றார். தரையில் பாயை விரித்துத் துணியை உருட்டிவிட்டு அளந்தார். ஒரு மெத்ரு. இன்னொரு மெத்ரு. விரலை வைத்து அந்த இடத்தில் கிழிக்கப் போனார்.

"தண்ணிக்கு வுடுங்க மொதலாளி."

செங்கேணியின் குரல். காலையிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அது. முதலாளி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இனி எந்தத் தண்ணீர், எந்தச் சுருக்கம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவர் நாலு விரலைச் சேர்த்துத் துணிமேல் படுக்கவைத்தார். அந்த விரலுக்கு அப்பால் கிழித்தார். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. துணியைப் போர்த்தினார்கள். தலை மூடியது, பாதம் மூடியது, பாதத்துக்குக் கீழே உள்ளே மடித்துவிட மிச்சமும் இருந்தது. அதற்கப்புறம்தான் செங்கேணி வாய்விட்டுக் கத்தினாள்.

மறுநாள் கடையில் கஜக்கோலைக் காணோம். புதுக் கோல் வருகிறவரைக்கும் பழைய மெத்ருக்கோலாலேயே அளந்தார்கள். புதுக் கோலும் இப்போது வந்துவிட்டது. தில்லி முத்திரையோடு பளபளவென்று இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நான் அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம், கட்டுகளுக்கு நடுவில் உயரமாய் ஒரு தலை தெரியும் என்று என் கண் தானாகவே தேடுகிறது. நம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது என் மனசு. காப்பிக்குச் சர்க்கரை போதாது என்று சொன்ன மனுஷன் எப்படி அதற்குள் இல்லாமல் போவார்?

ஆனாலும் கவுனை முடிக்கவேண்டுமே, குழந்தைக்குப் பூசை நாள் நெருங்குகிறது. அவர் எடுத்தாறேன் என்ற மல்லை நானே போய் வாங்கிவந்தேன். மேஜைமேல் விரித்து அளந்தேன். கத்தரிக்கோல் வைக்கும் முன் என் நாலு விரலும் என்னைக் கேட்காமல் துணிமேல் போய்ப் படுத்தன. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இந்த நாலு விரல் அகலம். "இது தண்ணிக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சாவு வீட்டிலும் வராத அழுகை, பதினாறாம் நாளும் வராத அழுகை, அப்போது வந்தது. மல் நனைந்தது. நனையட்டும். தண்ணிக்கு விட்டுத்தான் அளந்திருக்கிறேன்.